கிழங்கு யாருடைய உணவு?

பள்ளிக்கூடத்தில் டிபன் பாக்ஸ் மூடியைப் பாதி மட்டும் திறந்து, கையால் மறைத்துக்கொண்டு சாப்பிட்ட நினைவு நம்மில் பலருக்கு உண்டு. உள்ளே கருவாடு இருந்திருக்கும், மாட்டுக்கறி இருந்திருக்கும், சில நாள் அவித்த மரவள்ளிக்கிழங்கு இருந்திருக்கும். மாட்டுக்கறிக்காக நாம் நிறையப் பேசியிருக்கிறோம், எழுதியிருக்கிறோம், விழா எடுத்திருக்கிறோம். கிழங்கைப் பற்றி அவ்வளவு பேசியதில்லை. யாரும் அதைத் தடை செய்யவில்லை. "உங்க வீட்ல சோறு பொங்கலையா?" என்று ஒரு கேள்வி கேட்டார்கள், அவ்வளவுதான். அந்தக் கேள்வியே போதுமானதாக இருந்தது.

இன்று நகரத்துக் கடைகளில் கிழங்கு மாவும் கிழங்கு வறுவலும் "குடல் நலம்", "நார்ச்சத்து" என்ற அச்சோடு பளபளப்பான பைகளில் விற்கப்படுகின்றன. உணவியல் நிபுணர்கள் ரெசிஸ்டன்ட் ஸ்டார்ச் பற்றிக் காணொளி போடுகிறார்கள். நம் பாட்டிமார் தலைமுறை தலைமுறையாகத் தின்றதை இப்போது நமக்கே கற்றுக்கொடுக்கிறார்கள். இதில் கோபப்படவும் இடம் இருக்கிறது, கற்றுக்கொள்ளவும் இடம் இருக்கிறது. இரண்டையும் சரியாகச் செய்ய வேண்டுமானால், கிழங்கின் வரலாற்றை நாம்தான் எழுத வேண்டும்.

உணவை வைத்து மனிதரை இழிவாக்கிய வரலாற்றை அண்ணல் அம்பேத்கர் 1948இல் வெளியான தீண்டப்படாதவர்கள் பற்றிய நூலில் ஆராய்ந்தார். அவர் எடுத்துக்கொண்டது மாட்டிறைச்சி. அதே கேள்வியை நாம் மரவள்ளியிடம் கேட்டுப் பார்ப்போம்.

உழாமல் கிடைத்ததும் கப்பலில் வந்ததும்

கிழங்கு இந்த மண்ணுக்குப் புதிது கிடையாது. பாரியின் பறம்பு மலையில் உழவர் உழாமலே கிடைக்கும் நான்கு பொருள்களைக் கபிலர் புறநானூற்றில் சொல்கிறார்: மூங்கிலரிசி, பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். உழாமல் கிடைப்பது என்பதை நாம் அழுத்திப் படிக்க வேண்டும். நிலம் வைத்திருப்பவரின் தயவு இல்லாமல் கிடைப்பது என்று அதற்குப் பொருள். மூவேந்தர் முற்றுகையிட்டாலும் பறம்பு பட்டினி கிடக்காது என்பதற்குக் கபிலர் காட்டிய சான்றுகளில் ஒன்று கிழங்கு. இன்றும் மேற்குத்தொடர்ச்சி மலையில் காணிகளும் பளியர்களும் காட்டு வள்ளியைத் தோண்டி உண்கிறார்கள்.

மரவள்ளியின் கதை வேறு. தென் அமெரிக்கப் பழங்குடி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பயிராக்கிய செடி அது. அதில் சயனைடை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. அதைத் துருவி, பிழிந்து, ஊறவைத்து, வேகவைத்து நஞ்சை நீக்கும் வித்தையையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் அதை மலபார் கரைக்குக் கொண்டுவந்தார்கள். திருவிதாங்கூரில் அது பரவியதற்கு 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னரைக் காரணமாகச் சொல்வார்கள். கிழங்கை நஞ்சென்று மக்கள் அஞ்சியதால் அரண்மனையிலேயே சமைக்கச் சொல்லி அவர் உண்டு காட்டினார் என்று ஒரு கதையும் உண்டு. மன்னர் ஒரு வேளை உண்டது கதையாக நின்றுவிட்டது. அடுத்த நூறு ஆண்டுகள் அதை மூன்று வேளையும் உண்டவர்களைப் பற்றி அப்படி ஒரு கதை இல்லை.

அவர்கள் யார்? திருவிதாங்கூரில் 1855இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. புலையரும் பறையரும் சட்டப்படி விடுதலை பெற்றார்கள். நிலம் மட்டும் கிடைக்கவில்லை. வயலில் நெல்லை விளைவித்தவர்களுக்கு ஜன்மியின் வீட்டு முற்றத்தில் குழி தோண்டி, இலை விரித்து, அதில் கஞ்சி ஊற்றிய காலம் அது. நெல்லுக்கு வயல் வேண்டும், நீர் வேண்டும், வயல் வைத்திருப்பவரின் சம்மதம் வேண்டும். மரவள்ளிக்கு ஒரு துண்டுக் குச்சி போதும். மேட்டிலும் சரிவிலும் குடிசை ஓரத்திலும் வளரும். பக்குவமான பிறகும் சில மாதம் மண்ணுக்குள்ளேயே விட்டுவைத்து, தேவைப்பட்ட அன்று பிடுங்கலாம். களஞ்சியம் இல்லாதவர்களுக்கு மண்ணே களஞ்சியமாக இருந்தது. கூலி இல்லாத நாளில் அடுப்பு எரிந்ததற்கு இந்தக் கிழங்கே காரணம்.

1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த கன்னியாகுமரி மாவட்டத்தில் இதற்கு மரச்சீனி என்று பெயர். சேலம் பக்கம் குச்சிக்கிழங்கு. பெயர் எதுவானாலும், அரிசி வாங்க வழி இல்லாத வீட்டின் உணவு என்ற முத்திரை அதன்மேல் விழுந்தது. கிழங்கு தாழ்ந்ததால் அதை உண்டவர்கள் தாழவில்லை. அதை உண்டவர்களைச் சமூகம் எங்கே நிறுத்தியதோ அங்கே கிழங்கையும் நிறுத்தியது.

போர்க்காலப் பசி

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. பர்மா அரிசி நின்றது. தன் தேவைக்கு இறக்குமதி அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூரில் பஞ்சம் வந்தது. கயிறு திரிக்கும் தொழிலாளர்கள் நிறைந்த சேர்த்தலை வட்டாரம் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. இந்திய ஊழியர் சங்கத்தைச் சேர்ந்த கே.ஜி. சிவசாமி, 1943-44ஆம் ஆண்டுகளில் அங்கே நிலவிய உணவுப் பஞ்சத்தையும் ஊட்டக்குறை நோய்களையும் பற்றித் தனி நூலே எழுதினார்.

அந்த ஆண்டுகளில் உயிரைப் பிடித்து வைத்தது மரவள்ளி. இதை நாம் நன்றியோடு நினைக்கலாம், ஆனால் மினுக்கிச் சொல்லக் கூடாது. 100 கிராம் பச்சைக் கிழங்கில் ஏறக்குறைய 38 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, புரதம் ஒன்றரை கிராம்கூட இல்லை. வயிறு நிறையும், சதை வைக்காது. கிழங்கை மட்டுமே தின்ற குழந்தைகளுக்குக் கால் வீங்கியது, வயிறு ஊதியது. கிழங்கோடு சாளை மீன் கிடைத்த வீட்டில் கதை வேறாக இருந்தது. ஏன் என்று பின்னால் பார்ப்போம்.

ஒரே கிழங்கு, இரண்டு சாதி

அதே போர் சேலத்தில் வேறொன்றைத் தொடங்கி வைத்தது. அதுவரை ஜவ்வரிசி மலேயா, சிங்கப்பூர் பக்கமிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. அங்கே அதை சாகோ பனையின் சோற்றிலிருந்து எடுத்தார்கள். கடல்வழி அடைபட்டதும், மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் ஆலைகள் 1940களில் சேலத்தில் முளைத்தன. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஆலைக்குள் கிழங்குக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். முதலில் தோலைச் சீவுகிறார்கள். அது பெரும்பாலும் பெண்களின் வேலை. பிறகு அரைத்து, தண்ணீர் விட்டு, சல்லடையில் அலசுகிறார்கள். வெள்ளை மாவு கீழே இறங்குகிறது. நார் சல்லடையில் தங்குகிறது. மாவைத் தெளியவைத்து, குருணையாக உருட்டி, சூட்டில் வாட்டி, காயவைத்தால் ஜவ்வரிசி. மேலே தங்கிய நாருக்குத் திப்பி என்று பெயர். அதைக் காயவைத்து மாட்டுத் தீவனத்துக்கு அனுப்புகிறார்கள்.

இனி அந்த வெள்ளை ஜவ்வரிசி எங்கே போகிறது? அதில் பெரும்பகுதி மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம் போன்ற மாநிலங்களுக்குப் போகிறது. அங்கே ஏகாதசி, சிவராத்திரி, நவராத்திரி விரதங்களில் சாபுதானா கிச்சடி செய்கிறார்கள். விரதத்தில் தானியம் கூடாது, கிழங்கும் பழமும் ஆகும் என்பது விதி. கந்தமூலம் காட்டில் தவம் செய்யும் ரிஷிகளின் உணவு, ஆகவே தூய்மையானது என்று அதற்கு விளக்கம்.

தோழர்களே, இங்கே கொஞ்சம் நின்று யோசிப்போம். காட்டில் ரிஷி கிழங்கு தின்றால் தவம். அதே காட்டில் காணியும் பளியரும் தின்றால் நாகரிகமின்மை. சேரியில் அவித்துத் தின்றால் வறுமை. அதே கிழங்கின் தோலும் நாரும் போய், வெள்ளையாகி, முத்துப்போல் உருண்டு பூசையறைக்குப் போனால் புனிதம். தூய்மை, தீட்டு என்ற கணக்கு பொருளைப் பார்த்துப் போடப்படுவதில்லை என்பதற்கு இதைவிட எளிய பாடம் வேண்டுமா?

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. புனிதமானபோது கிழங்கு இழந்தது அதன் நாரை. ஜவ்வரிசியில் நார்ச்சத்து அநேகமாக இல்லை. அது ஏறக்குறைய வெறும் மாவுச்சத்து. நோன்பிருந்தவர் அதை வயிறாரச் சாப்பிட்டால் இரத்தச் சர்க்கரை சட்டென்று ஏறுகிறது. மாடு நல்லதைத் தின்கிறது.

சக்கையென்று தள்ளியது

நாரைச் சக்கையென்று தள்ளியது ஆலை மட்டுமல்ல, அறிவியலும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தது. செரிக்காதது எதற்கு உதவும் என்று கேட்டார்கள். 1970களில் அந்த எண்ணத்தை உலுக்கியவர்களில் முக்கியமானவர் டெனிஸ் பர்கிட். அயர்லாந்தில் பிறந்தவர், உகாண்டாவில் நீண்டகாலம் அறுவை மருத்துவராக வேலை செய்தவர். ஆப்பிரிக்கக் கிராம மக்களிடம் மலச்சிக்கல், குடல் புற்றுநோய், நீரிழிவு போன்றவை மிகக் குறைவாக இருப்பதைக் கவனித்தார். 1972இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு, உணவு வாயிலிருந்து வெளியேறும் வரை எவ்வளவு நேரம் ஆகிறது, மலம் எவ்வளவு எடை இருக்கிறது என்று அளந்து ஒப்பிட்டது. நார் மிகுந்த உணவை உண்ட ஆப்பிரிக்கக் கிராமத்தவருக்கு நேரம் குறைவு, எடை அதிகம். மேற்கத்திய உணவை உண்டவர்களுக்கு நேர்மாறு. அவர் சொன்ன எல்லாமே பிற்காலத்தில் அப்படியே நிலைக்கவில்லை. ஆனால் நார் என்பது சக்கை இல்லை என்பது நிலைத்தது. இன்று வளர்ந்தவர்கள் நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து உண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லியிருக்கிறது.

மாவுச்சத்து பற்றிய பாடம் இன்னும் சுவையானது. மாவுச்சத்து முழுவதும் சிறுகுடலிலேயே செரித்துவிடும் என்று நம்பப்பட்டது. 1982இல் கேம்பிரிட்ஜில் ஹான்ஸ் எங்கிளிஸ்டும் உடன் ஆய்வாளர்களும் ஒரு பகுதி மாவுச்சத்து செரிமான நொதிகளுக்கு மசியாமல் நிற்பதைக் கண்டு, அதற்குத்தான் ரெசிஸ்டன்ட் ஸ்டார்ச் என்று பெயர் வைத்தார்கள். கிழங்கையோ அரிசியையோ வேகவைக்கும்போது மாவின் இழைகள் அவிழ்கின்றன. ஆறும்போது அவற்றில் சில மீண்டும் நெருங்கிக் கட்டிப்படுகின்றன. அந்தக் கட்டியை நொதிகளால் எளிதில் உடைக்க முடியாது. அது பெருங்குடல் வரை போகிறது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்து, பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு பியூட்டிரேட்தான் முக்கிய எரிபொருள். சர்க்கரையாக மாறாமல் தப்பிய மாவு குடலுக்கு உணவாகிறது.

இரவு அவித்து வைத்துவிட்டு விடியற்காலையில் வேலைக்குப் போகும் முன் தின்ற ஆறிய கிழங்கு, பானையில் தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோறு இரண்டிலும் இது நடக்கிறது. இரண்டையும் ஏழையின் மிச்சம் என்றார்கள். அடுப்பை இரண்டு முறை மூட்ட விறகோ நேரமோ இல்லாததால் பிறந்த பழக்கம் அது. காரணம் வறுமைதான், ஆனால் அதில் குடலுக்கு நன்மையும் இருந்தது.

கிழங்கைத் தலைமேல் தூக்கி ஆடவும் வேண்டாம். 100 கிராம் மரவள்ளியில் நார்ச்சத்து 2 கிராமுக்கும் குறைவு. சர்க்கரைவள்ளியில் 3 கிராம் அளவு, பயறுகளில் இதைவிடப் பல மடங்கு. சுடச்சுட ஒரு தட்டு மரவள்ளி தின்றால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். ஆறவைத்தால் மசியாத மாவு கொஞ்சம் கூடும், முழுக் கிழங்கும் அப்படி மாறிவிடாது. நீரிழிவு உள்ளவர்கள் அளவைக் குறைத்து, பயறோ மீனோ கீரையோ சேர்த்துத்தான் சாப்பிட வேண்டும்.

சாளை மீனின் காரணமும் இங்கேதான் இருக்கிறது. கிழங்கில் எஞ்சும் சயனைடை உடல் கந்தகம் சேர்த்துத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றி வெளியேற்றுகிறது. அந்தக் கந்தகம் புரதத்திலிருந்து வருகிறது. கிழங்கை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டி, மீன் குழம்போடு சாப்பிட்ட நம் பாட்டிமார் வேதியியல் படித்தவர்கள் இல்லை. பல தலைமுறை பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள். புரதமும் இல்லை, பக்குவம் செய்ய நேரமும் தண்ணீரும் இல்லை என்றால் என்ன ஆகும் என்பதை 1981இல் மொசாம்பிக் நாட்டின் நம்புலா பகுதி காட்டியது. வறட்சியில் கசப்பு மரவள்ளியை அவசரமாகச் சமைத்து அதை மட்டுமே தின்ற ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு, பெரும்பாலும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், கால்கள் விறைத்து நடை போனது.

பழி யார் மீது?

இப்போது இந்த வரலாற்றின் மிக முக்கியமான இடத்துக்கு வருகிறோம். 1959இல் இந்தோனேசியாவிலும், பிறகு கேரளத்திலும் மருத்துவர்கள் ஒரு வகை நீரிழிவைக் கவனித்தார்கள். நோயாளிகள் இளைஞர்கள், மெலிந்தவர்கள், ஏழைகள். பலருக்குக் கணையத்தில் கல் இருந்தது. இவர்கள் பெரிதும் உண்டது மரவள்ளி. கேரளத்தில் இந்த நோயாளிகளை ஆயிரக்கணக்கில் பார்த்து ஆராய்ந்தவர் டாக்டர் பி.ஜே. கீவர்கீஸ். அவரும் மெக்மில்லனும் 1979இல், மரவள்ளியின் சயனைடே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். கிழங்கின்மேல் சந்தேகம் விழுந்தது.

பிறகு அந்தக் கணக்கு இடித்தது. மரவள்ளியே உண்ணாத பகுதிகளிலும் இந்த நோய் இருந்தது. 2000களில் சில நோயாளிகளிடம் மரபணு மாற்றங்களும் தெரியவந்தன. 1985இல் உலக சுகாதார நிறுவனம் ஊட்டக்குறை சார்ந்த நீரிழிவு என்று ஒரு வகையைப் பட்டியலில் சேர்த்தது. 1999இல் சான்று போதாது என்று அதை எடுத்துவிட்டது. கணையக் கல் வகை வேறு தலைப்பின்கீழ் போனது. பட்டினியில் வளர்ந்து மெலிந்த உடலில் வரும் நீரிழிவுக்குப் பெயரே இல்லாமல் போனது. பெயர் இல்லாததால் அந்த நோயாளிகளுக்கு மற்ற வகைகளின் பெயரை ஒட்டினார்கள். கால் நூற்றாண்டுக்குப் பிறகு, 2025இல்தான் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு அதை 5ஆம் வகை நீரிழிவு என்று ஏற்றுக்கொண்டது.

இந்தக் கதையை நாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? ஒரு ஏழை உடல் நோயுற்றால் முதலில் அந்த ஏழை என்ன தின்றார் என்று கேட்கிறார்கள். அவருக்கு என்ன கிடைக்கவில்லை என்ற கேள்வி பின்னால்தான் வருகிறது. கிழங்கில் இருந்த நஞ்சைத் தேடினார்கள். தட்டில் இல்லாத மீனையும் பருப்பையும் தேட அறுபத்தாறு ஆண்டுகள் ஆயின.

இன்று நிலைமை திரும்பியிருக்கிறது. 2023இல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருக்கிறது. அது இப்போது பணக்காரர் நோய் கிடையாது. நம் தெருக்களில் கால் விரல் எடுத்தவர்கள் இல்லாத தெரு எது? கிழங்கும் கேழ்வரகும் இழிவு என்று நம்பவைக்கப்பட்டு, வெள்ளைச் சோறு கிடைத்ததைக் கௌரவம் என்று நாம் கொண்டாடினோம். அந்தக் கொண்டாட்டத்தில் தவறில்லை. மறுக்கப்பட்ட சோற்றை உரிமையாக வாங்கியவர்கள் நாம். ஆனால் ரேஷன் அரிசி ஒன்றையே மூன்று வேளையும் தின்று, மற்றதை வாங்க வழியில்லாமல் நிற்பது உரிமையின் முடிவாக இருக்க முடியாது.

ஆகவே, "பழைய உணவுக்குத் திரும்புங்கள்" என்று நம்மிடம் சொல்ல வருபவர்களுக்கு நம் பதில் தெளிவாக இருக்க வேண்டும். திரும்பிப் போக அங்கே பொற்காலம் எதுவும் இல்லை. அங்கே இருந்தது குழியில் ஊற்றிய கஞ்சி. நாம் கேட்பது தேர்ந்தெடுக்கும் உரிமையை. ஆதிதிராவிடர் நல விடுதிகளில் தண்ணீர்ச் சாம்பாருக்குப் பதிலாக முட்டையும் மீனும் பயறும் கிழங்கும் கேட்போம். வீட்டு மனையோடு நாலு செடி நட இடமும் சேர்த்துக் கேட்போம். குச்சிக்கிழங்கு சீவும் கைகளுக்கு நியாயமான கூலி கேட்போம்.

கூடவே ஒரு வேலை. இந்த விடுமுறையில் உங்கள் வீட்டுப் பாட்டியிடம் உட்கார்ந்து கேளுங்கள். எந்தக் கிழங்கை எந்த மாதம் தோண்டினார்கள், எதை எத்தனை தண்ணீரில் வேகவைத்தார்கள், எதோடு தின்றார்கள், எதைத் தின்னக் கூடாது என்றார்கள். தேதி போட்டு எழுதி வையுங்கள். நாளை யாராவது அதைப் பையில் அடைத்துக் காப்புரிமை கேட்டு வரும்போது, நம் கையில் ஒரு ஏடு இருக்கட்டும்.

அதுவரை, டிபன் பாக்ஸ் மூடியை முழுவதுமாகத் திறந்தே சாப்பிடுவோம்.